டின்னும் தராசும்: கிராமில் எழுதியதை நம் வீட்டு டின்னில் அளப்பது எப்படி?

பத்திரிகையிலோ, டி.வி.யிலோ, இப்போதெல்லாம் பிள்ளைகளின் போனிலோ ஒரு கேக் செய்முறை வருகிறது. கோதுமை மா 250 கிராம், சீனி 250 கிராம், மாஜரீன் 250 கிராம், முட்டை 5 என்று போட்டிருக்கும். நமது லயத்து வீடுகளில் தராசு ஏது? அதனால் வீட்டில் அரிசி அளக்கிற பால் டின்னைத்தான் கையில் எடுப்போம். "எல்லாமே இருநூத்தி அம்பது தானே, எல்லாத்திலயும் ஒவ்வொரு டின் போட்டா சரியாப் போயிரும்" என்று நமது தாய்மார் பலர் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

அப்படிப் போட்டால் சரியாக வராது. ஒரு டின் சீனி ஏறத்தாழ 255 கிராம் இருக்கும். அதே டின்னில் கோதுமை மா போட்டால் 155 கிராம் தான் பிடிக்கும். கேக்குக்கு வேண்டிய மாவில் நூறு கிராம் வரை குறைந்துவிடும். மா குறைந்து சீனியும் கொழுப்பும் கூடினால் கேக் முதலில் பொங்கும், பிறகு நடுவில் அமுங்கிப் போகும், அடியில் எண்ணெய் கசியும். பிள்ளைகள் அதையும் சாப்பிட்டு விடுவார்கள் என்பது உண்மை. ஆனால் ஐந்து முட்டையும் ஒரு பொதி மாஜரீனும் இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டில் மாவும் சீனியும் பால்மாவும் ஏறிய ஏற்றத்தை யாரும் மறக்கவில்லை. ஒரு நாள் பேரில் பெரிய துண்டு அந்தச் சட்டியில் கிடக்கிறது. பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் ஓடர் எடுத்துக் கேக் செய்து கொடுக்கும் சகோதரிகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஒரு தடவை கேக் அமுங்கினால் அடுத்த ஓடர் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

நிறை வேறு, கொள்ளளவு வேறு. இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கிற கைகளுக்கு இது நன்றாகவே தெரியும். கூடை நிறையக் கொழுந்து இருக்கும், நிறுவையில் வைத்தால் கிலோ குறைவாகக் காட்டும். அதே கூடையில் அமுக்கி நிரப்பினால் கிலோ கூடும். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். (ஈரத்துக்கென்று கழிவு பிடிப்பது வேறு கதை, அதை இங்கே பேசவில்லை.) கூடை ஒன்றுதான், உள்ளே இருப்பதன் நிறைதான் மாறுகிறது. மாவும் அப்படித்தான். மாவின் துகள்களுக்கிடையே காற்று நிறைய இருக்கிறது. சீனியில் அவ்வளவு இல்லை. தண்ணீரிலும் எண்ணெயிலும் இடைவெளியே இல்லை.

ஆகவே முதலில் உங்கள் டின் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். "டின்னிலயே 390 கிராம்னு போட்டிருக்கே" என்று சிலர் கேட்கிறார்கள். அது உள்ளே இருந்த கட்டிப்பாலின் நிறை. கட்டிப்பால் தண்ணீரை விடக் கனமானது. அதே டின்னில் தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர்தான் பிடிக்கும். டின்னுக்கு டின் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆகவே கடையில் விற்கும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, அதிலிருந்து டின்னை விளிம்பு வரை நிரப்பிப் பாருங்கள். போத்தலில் 200 மில்லிலீற்றர் போல மிஞ்சினால் உங்கள் டின் 300தான். தண்ணீரில் மட்டும் ஒரு வசதி உண்டு: ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம் நிறை. வேறு எந்தச் சாமானுக்கும் இந்தக் கணக்கைப் பாவிக்க வேண்டாம்.

அடுத்த வேலை இதைவிட முக்கியமானது. சம்பளம் வந்து சாமான் வாங்கும் நாளில், கடையில் நிறுத்துத் தந்த ஒரு கிலோ பொதியை அப்படியே போத்தலில் கொட்டிவிடாதீர்கள். டின்னால் அளந்து எண்ணிக்கொண்டே கொட்டுங்கள். ஒரு கிலோ சீனி நாலு டின்னுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு கிலோ மா ஆறரை டின் போல வரும். ஆயிரத்தை அந்த எண்ணால் பிரித்தால் ஒரு டின்னின் நிறை கிடைத்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கணக்கைக் கொடுங்கள், அரை நிமிடத்தில் சொல்லும். புத்தகத்தில் இருக்கும் அட்டவணையை விட இதையே நாங்கள் நம்புவோம். ஏனென்றால் அந்தப் புத்தகம் எழுதியவரின் கோப்பை உங்கள் வீட்டில் இல்லை. வறுத்த அரிசி மா, குரக்கன் மா, கடலை மா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். வறுத்த மாவுக்கும் வறுக்காத மாவுக்கும் அளவு மாறும், இரண்டையும் வெவ்வேறாக எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்க்க நேரமில்லாதவர்களுக்காக, 300 மில்லிலீற்றர் டின்னைத் தலைதட்டி அளந்தால் வரும் நிறையை ஏறத்தாழக் கீழே தருகிறோம். வெட்டி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளலாம்.

கோதுமை மா (அரித்தது) – 155 கிராம்
ரவை – 205 கிராம்
அரிசி, மைசூர்ப் பருப்பு – 245 கிராம்
சீனி – 255 கிராம்
தேங்காய் எண்ணெய், உருகிய மாஜரீன் – 275 கிராம்
துருவிய தேங்காய்ப்பூ (அமுக்காமல்) – 100 கிராம்

இனி அந்தக் கேக்கையே எடுத்துக்கொள்வோம். மா 250 கிராம் வேண்டும். ஒன்றரை டின் போட்டால் 232 கிராம் வந்துவிடும். மிச்சத்துக்குத் தலைதட்டிய மேசைக்கரண்டியால் இரண்டு போட்டால் போதும், ஒரு மேசைக்கரண்டி மா 8 கிராம். சீனி ஒரு டின் தலைதட்டிப் போட்டு அதிலிருந்து அரை மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. மாஜரீனை டின்னில் அடைத்து அளக்கத் தேவையே இல்லை, பாதி டின்னிலேயே ஒட்டிக்கொள்ளும். பொதியில் நிறை அச்சடித்திருக்கிறது. 250 கிராம் பொதியானால் முழுதும், 500 கிராம் பொதியானால் கத்தியால் நடுவில் வெட்டிப் பாதி. பட்டர் வாங்கினால் பொதியில் 227 கிராம் என்று இருக்கும், அது பழைய அரை இறாத்தல். 23 கிராமுக்காக இன்னொரு பொதி வாங்க வேண்டாம். மற்றச் சாமான்களை 227க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்: மா ஒன்றரை டின், சீனி ஒரு டின்னில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்து, முட்டை பெரிதானால் நாலு, சிறிதானால் ஐந்து. கேக் கொஞ்சம் சிறிதாக இருக்கும், ருசி மாறாது.

மாவை அளக்கும் விதம்தான் பெரிய தொல்லை. சுயதொழில் வகுப்பில் ஒரே டின்னைக் கொடுத்து ஒரே மாவை அளக்கச் சொன்னால், ஒருவர் அளந்ததற்கும் அடுத்தவர் அளந்ததற்கும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வித்தியாசம் வருகிறது. ஒருவர் டின்னை மாப் பைக்குள் விட்டு அள்ளுகிறார், மா அமுங்குகிறது. இன்னொருவர் டின்னை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், மா கீழே இறங்குகிறது, மேலே இன்னும் போடுகிறார். வேறொருவர் கோபுரம் மாதிரிக் குவித்துப் போடுகிறார், "கொஞ்சம் கூடினா என்ன" என்று. ஆளுக்கொரு கேக் வரும். சரியான வழி இது: மாவை முதலில் அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். கரண்டியால் மெதுவாக டின்னில் போடுங்கள். தட்டவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். நிரம்பியதும் கத்தியின் முதுகால் மேலே ஒரு இழுப்பு. நமது குளிர்ப் பிரதேசத்தில் மா ஈரம் குடித்துக் கட்டி பிடிக்கும், கட்டியோடு அளந்தால் நிறை பிழைக்கும். ஆகவே மழைக்காலத்தில் அரிக்காமல் அளக்கவே வேண்டாம்.

கரண்டிக்கு வருவோம். தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர். வீட்டில் தேத்தண்ணி கலக்கும் கரண்டிகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும், அவற்றை நம்ப முடியாது. பிள்ளைகளுக்கு வாங்கும் பாணி மருந்தோடு ஒரு பிளாஸ்டிக் கரண்டியோ சின்ன மூடியோ வருகிறது அல்லவா, அதில் 5 மி.லீ. என்று கோடு இருக்கும். அதை நன்றாகக் கழுவி வைத்துக்கொண்டால் அதுதான் தேக்கரண்டி. மூன்று தடவை போட்டால் மேசைக்கரண்டி.

பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொழும்பில் எழுதிய செய்முறை கொழும்புக்குச் சரி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாகப் பொங்கி, வேகுமுன்பே இறங்கிவிடும். மேல்மலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று இருந்தால் ஒன்றரை போட்டுப் பாருங்கள். குவித்துப் போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விட வேண்டும்.

பழைய சமையல் புத்தகங்களில் இறாத்தலும் அவுன்சும் வரும். ஒரு இறாத்தல் 454 கிராம், அதில் 16 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பாலையும் தண்ணீரையும் அவுன்சில் சொன்னால் அது நிறை அல்ல, கொள்ளளவு. ஏறத்தாழ 28 மில்லிலீற்றர். குழந்தைப் பால் போத்தலில் இந்தக் கோடுகள் எல்லாம் இருக்கும். போத்தலில் பால் கொடுக்க வேண்டாம் என்று மிட்வைப் அம்மா சொல்வது சரி, கொடுக்க வேண்டாம். ஆனால் பாவிக்காமல் கிடக்கும் போத்தல் பால் அளக்க நல்ல சாமான்.

ஒரு தராசே வேண்டும் என்பவர்கள் செய்துகொள்ளலாம். இரண்டடி நீள நேரான குச்சி ஒன்று, ஒரே அளவான இரண்டு சிரட்டை, கொஞ்சம் நூல். சிரட்டைகளில் மூன்று துளை போட்டுக் குச்சியின் இரு நுனியிலும் கட்டி, நடுவில் நூல் கட்டித் தூக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றப் பக்கத்தில் சின்னக் கல்லைக் கட்டிச் சரிசெய்யுங்கள். படிக்கல்லுக்கு 227 கிராம் பட்டர் பொதி, அல்லது ஒரே மாதிரியான இரண்டு சொப்பிங் பையில் ஒன்றில் 250 மில்லிலீற்றர் தண்ணீர், மற்றதை வெறுமையாக எதிர்ச் சிரட்டையில். மா, சீனிக்கு இது தாராளம். பேக்கிங் பவுடருக்குச் சரிவராது, அதற்குக் கரண்டிதான்.

கேக்கை விட்டு இரண்டு வார்த்தை. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா பொதி 750 கிராம், ஒரு நாளைக்கு 50 கிராம். தராசில்லாமல் 50 கிராமை எப்படி எடுப்பது? பொதியைத் திறந்த அன்றே கரண்டியால் எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், மொத்தக் கரண்டியைப் பதினைந்தால் பிரியுங்கள். அதுதான் ஒரு நாள் பங்கு. இப்படிப் பிரித்து வைத்தால் கர்ப்பிணித் தாய்க்கோ நிறை குறைந்த பிள்ளைக்கோ உரியதை வீட்டில் எல்லோரும் கை போட்டு நாலு நாளில் முடிப்பதும் தெரிந்துவிடும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதி இருந்தால் அதையே பாவியுங்கள், பொதியில் சொன்ன அளவு தண்ணீரில், முழுப் பொதியையும். அது கிடைக்கும்வரை வீட்டில் கரைப்பதானால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இங்கே உப்பைக் குவித்துப் போடுவது கேக் அமுங்குவது போன்ற விஷயம் அல்ல, சிறு பிள்ளைக்கு ஆபத்து. லீற்றர் அளக்கச் சாராயப் போத்தலைப் பாவிக்காதீர்கள், அது 750 மில்லிலீற்றர்தான். அதே உப்பைப் போட்டால் கரைசல் கடுமையாகிவிடும்.

அவண் இல்லாத வீட்டில் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டுக் கேக் சுடுவது பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அதற்குள் உங்கள் டின்னைக் கழுவிக் காயவைத்து, பெயர் எழுதி எடுத்து வாருங்கள். பிள்ளைக்காம்பராவில் தராசு இருக்கிறது. அரை டின், கால் டின்னுக்கு உள்ளே கோடு போட்டு, மாவும் சீனியும் எத்தனை கிராம் என்று வெளியே எழுதித் தருகிறோம்.