முற்றும் எச்சமும்

அடக்க ஆராதனைகளில், மரித்தவர் எவராயினும், அவர் தம் ஓட்டத்தை நிறைவாக முடித்தார் என்று அருளுரையில் கூறக் கேட்கிறோம். தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு இக்கூற்று பொருந்தும். தேர்வு எழுதி, அதன் முடிவு வெளிவருமுன் மரித்த மாணவனின் பெற்றோர் முன்னிலையிலும் இதையே கூறலாமோ? முடிவைக் குறிக்கும் சொற்கள் யாவும் ஒரு பொருளன அல்ல. அவற்றின் வேறுபாட்டை அறிவது அருட்பணிக்கு இன்றியமையாதது.

தமிழில் 'முடிவு' என்பது 'முடி' என்னும் வினையிலிருந்து பிறந்தது. முடிதல் என்பதற்குக் கட்டுதல், பிணைத்தல் என்னும் பொருள்களும் உண்டு. பூத்தொடுப்பவர் கடைசியாக இடும் முடிச்சை இங்கு நினைக்கலாம். 'இறுதி' என்பது 'இறு' என்பதன் வழி வந்தது. கயிறு இற்றுப்போவதை அது நினைவூட்டும். 'முற்று' என்பதோ முதிர்ந்து நிறைவெய்துதலாம். கதிர் முற்றியது என்கிறோம். இவற்றோடு நம் இலக்கணம் 'எச்சம்' என்னும் வேறொன்றையும் அறியும். 'வந்தான்' என்பது முற்று. 'வந்து' என்பது எச்சம். அது தன்னளவில் நிறைவு பெறாமல், பின்வரும் வேறொரு வினைக்காகக் காத்து நிற்கிறது.

கிரேக்கத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'எஸ்கட்டொஸ்' என்பது வரிசையில் கடைசியானதைக் குறிக்கும். 'தெலொஸ்' என்பதற்கு முடிவு என்பதோடு இலக்கு என்னும் பொருளும் உண்டு. யோவான் 19:30இல் சிலுவையில் ஆண்டவர் உரைத்த சொல் இப்பிந்திய சொல்லோடு உறவுடையது. செயல் நிறைவேறி, அதன் பயன் நிலைத்திருப்பதை அவ்வினை வடிவம் காட்டுகிறது. எனவே அங்கு 'முடிந்தது' என்பது இற்றுப்போனதன்று, முற்றுப்பெற்றதேயாம்.

ஆனால் மாற்கு நற்செய்தி நூலின் முடிவு வேறு வகையினது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்நூல் 16:8உடன் நின்றுவிடுகிறது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி ஓடுகின்றனர். ஒருவரிடத்திலும் ஒன்றும் கூறவில்லை. மூலத்தில் கடைசிச் சொல் 'ஏனெனில்' என்று பொருள்படும் இடைச்சொல்லாகும். கிரேக்க வாக்கியத்தில் அச்சொல் இரண்டாவதாக வருவது இயல்பே. ஆயினும் ஒரு நூல் அதனோடு முடிவது அரிது. கடைசி ஏடு தொலைந்தது என்பாரும், ஆசிரியர் கருதியே அவ்வாறு நிறுத்தினார் என்பாரும் உளர். 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து.

எவ்வாறாயினும், 16:7இல் சீடர்கள் கலிலேயாவுக்கு அனுப்பப்படுவது கவனிக்கத்தக்கது. ஆண்டவருடைய ஊழியம் தொடங்கிய இடம் அதுவே. நம் அந்தாதி நூல்களில் கடைசிச் செய்யுளின் முடிவு முதற்செய்யுளின் தொடக்கத்தோடு சென்று மண்டலித்தலைப் போல, இந்நற்செய்தியின் முடிவும் வாசகரைத் தொடக்கத்துக்கே திருப்புகிறது. அங்குக் கூறப்படாமல் நின்ற செய்தியைக் கூறும் பொறுப்பு வாசகரைச் சேர்கிறது.

இனி அம்மாணவனின் பெற்றோரிடம் நாம் என்ன கூறுவோம்? அவன் வாழ்வு முற்றிய கதிர் என்போமாயின், அவர்கள் கண்ட உண்மையை மறுத்தவராவோம். அறுந்த கயிறு என்போமாயின், நம் நம்பிக்கையை மறுத்தவராவோம். அது எச்சமாய் நிற்கிறது எனலாம். எச்சம் தன் முற்றைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. அதற்கு அப்பால் வரும் வினையே அதனை நிறைவாக்கும். அவ்வினை நம்முடையதன்று, உயிர்த்தெழுப்புகிறவருடையது. அதுவரை முற்றுப்புள்ளி இட விரையாமல், அப்பெற்றோரோடு அமர்ந்திருப்பதே நம் பணியாகும்.