கிற்றாரை விற்பதற்கு முன் பிக்கப்பின் இரண்டு திருகாணிகளைத் திருப்பிப் பாருங்கள்

"பிக்கப் பழுதாகிவிட்டது, புதிது போட வேண்டும்." திருகோணமலையில் என்னிடம் மின்கிற்றார் கொண்டுவருபவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சிலர் கிற்றாரையே விற்றுவிடும் முடிவோடு வருகிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் பிக்கப்பில் பிழை ஏதும் இருப்பதில்லை. அது கம்பிகளுக்கு மிகக் கிட்டவாகவோ மிகத் தூரமாகவோ நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பகுதியில் புதிய கிற்றார் வாங்கி வாசிப்பவர்கள் குறைவு. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த உறவினர் விட்டுப்போனது, இடப்பெயர்வுகளுக்கும் 2004 சுனாமிக்கும் தப்பி அலுமாரிக்கு மேல் கிடந்தது, கலைந்துபோன இசைக்குழுவிடமிருந்து கைமாறியது என்று வந்தவையே அதிகம். அதாவது, இன்னொருவருடைய கைக்காகச் சரிசெய்யப்பட்ட கருவியைத்தான் நாம் வாசிக்கிறோம். அதை நம்முடைய கைக்கு மாற்றிக்கொள்ளப் பணம் தேவையில்லை. ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

பிக்கப் எப்படிக் கேட்கிறது?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த விதி இது. நூறு ஆண்டுகள் கழித்து, 1930களின் தொடக்கத்தில், ஜோர்ஜ் போஷாம்ப் அமெரிக்காவில் இதைக் கிற்றாருக்குப் பயன்படுத்தினார். பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே கம்பி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே அது அறியும். ஆகவே அது எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற இரண்டுமே ஒலியைத் தீர்மானிக்கின்றன.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அம்ப்பில் இணைக்காமலே இதைச் சோதிக்கலாம். கம்பியை பிறிட்ஜுக்கு (வீணையில் குதிரை என்போமே, அந்த இடத்துக்கு) அருகில் மீட்டுங்கள். பிறகு கழுத்துப் பக்கம் மீட்டுங்கள். முதலாவது கூர்மையாகவும் இரண்டாவது உருண்டையாகவும் கேட்கும். பிக்கப்பும் அப்படியே. பிறிட்ஜ் அருகில் கம்பியின் அசைவு சிறியது. அங்கே மேற்சுரங்களின் பங்கு அதிகம். கழுத்துப் பக்கம் அசைவு பெரியது. அடிச்சுரம் ஓங்கி நிற்கும். ஸ்ட்ராற்றோகாஸ்டர் வகைக் கிற்றாரில் அதிரும் கம்பியின் நீளம் 648 மி.மீ. அதன் கழுத்துப் பிக்கப் ஏறத்தாழ கால்பங்குத் தூரத்தில், பிறிட்ஜிலிருந்து 160 மி.மீ. அளவில் இருக்கிறது.

அதே கிற்றாரில் பிறிட்ஜ் பிக்கப் சரிவாகப் பொருத்தப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய கம்பிகளின் பக்கம் பிறிட்ஜை நெருங்கி நிற்பதால் அவை பிரகாசமாகவும், தடித்த கம்பிகளின் பக்கம் விலகி நிற்பதால் அவை கனமாகவும் ஒலிக்கின்றன. ஜிமி ஹென்றிக்ஸ் வலதுகைக் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்ததால் இந்தச் சரிவு அவருக்கு எதிர்மாறாக அமைந்தது. அவருடைய ஒலியின் தனித்தன்மைக்கு அதுவும் ஒரு காரணம். பிக்கப்பின் இடத்தை மாற்ற மரத்தை வெட்ட வேண்டும். அது நம் வேலை அல்ல. நம் கையில் இருப்பது உயரமும் சாய்வும்.

எவ்வளவு உயரம்?

கிட்டக் கொண்டுவந்தால் சத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் ஓர் எல்லைக்குப் பின் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். சுரம் நீடிக்காது, தடித்த கம்பியை மேல் பிறெற்களில் அழுத்தினால் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் அலையும். பலர் இதைச் சுருதி பிசகு என்று எண்ணி, நாளெல்லாம் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு பென்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் தொடக்க அளவு, தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2.0 மி.மீ. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6 மி.மீ. கடைசி பிறெற்றில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்த முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அளவுகோல் நுழையாவிட்டால் வங்கி அட்டை உதவும். உலகம் முழுவதும் அதன் தடிப்பு 0.76 மி.மீ. எழுத்துப் புடைக்காத மூன்று அட்டைகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 2.3 மி.மீ.; இரண்டு சேர்த்தால் 1.5 மி.மீ.

வேலையின் ஒழுங்கு முக்கியம். புதிய கம்பி போட்டு, கம்பியின் உயரத்தைச் சரிசெய்து, சுருதி கூட்டிய பிறகே பிக்கப்பில் கை வையுங்கள். கழுத்துப் பிக்கப்பை முதலில் சரிசெய்து, அதன் சத்தத்துக்குச் சமமாக வரும்வரை பிறிட்ஜ் பிக்கப்பை உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டும் திருப்பி, அம்ப்பின் சத்தத்தை மாற்றாமல் வாசித்துப் பாருங்கள். ஸ்குரூடிரைவரைக் காந்தம் இழுக்கும். சுருளில் பட்டால் கம்பி அறுந்துவிடும். பிக்கப்புக்கு மேல் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கை எப்படி?

இந்த அளவுகள் தொடக்கம் மட்டுமே. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேய வழிப் பறங்கியரின் பைலா, கபிரிஞ்ஞா தாளத்துக்குக் கை வேகமாக வீசி அடிக்கும். அப்படி அடிப்பவர் தடித்த கம்பிப் பக்கத்தை இன்னும் அரை மி.மீ. இறக்கினால் குழப்பம் தீர்ந்து தாளம் தெளியும். இலங்கையில் தமிழ்ப் பாடல்களை இசைத்தட்டில் கொண்டுவந்த முன்னோடிகளான பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் எங்கள் ஊரவர்கள். அவர்கள் காலத்து மெல்லிசைப் பாடல்களுக்கு விரல் நுனியால் மென்மையாக மீட்டுபவர், மெல்லிய கம்பிப் பக்கத்தைச் சிறிது உயர்த்தலாம்.

கமகம் வாசிப்பவருக்கு வேறு கணக்கு. கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது காந்த முனையை விட்டு விலகிப் போகும். பிக்கப் மிகக் கிட்ட இருந்தால் சத்தம் நடுவில் தேயும். சற்று இறக்கினால் இழுப்பு முழுவதும் ஒரே சீராகக் கேட்கும். குறைந்த சத்தத்தை அம்ப்பில் கூட்டிக்கொள்ளலாம். மின் மண்டலினில் உ. ஸ்ரீநிவாசும் மின்கிற்றாரில் பிரசன்னாவும் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியபின், இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள்.

திருப்புவதற்கு முன் எழுதிவையுங்கள்

திரும்பி வராத தம்பியின் கிற்றாரை ஓர் அக்கா தன் மகனுக்காகக் கொண்டுவந்தார். தடித்த கம்பிப் பக்கம் பிக்கப் நன்றாக இறக்கப்பட்டிருந்தது; மெல்லிய பக்கம் உயர்ந்திருந்தது. கழுத்துப் பக்கத் தகட்டில் பிளெக்ரம் கீறிய தடங்கள். தாளத்தை ஓங்கி அடித்தவர், ஆனால் தனிக்கம்பி வாசிப்பும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தவர். அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஓம், அவன் அப்பிடித்தான் அடிப்பான்" என்றார். மூன்று பிக்கப்புகளின் ஆறு அளவுகளையும் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்த பிறகே மகனின் மென்மையான கைக்கு ஏற்றபடி மாற்றினேன். அந்தத் தாள் இருக்கும்வரை பழைய நிலைக்கு எப்போதும் திரும்பலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால், முதலில் அளந்து எழுதுங்கள்.

உட்துறைமுகத்துக்கும் டச்சுக்குடாவுக்கும் இடையில் வாழும் எங்களுக்கு உப்புக்காற்றும் ஒரு பிரச்சினை. துருத் துகள்கள் காந்த முனைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுநாடாவை மெதுவாக ஒற்றி எடுத்தால் வந்துவிடும். இறுகிய திருகாணியைப் பலவந்தப்படுத்த வேண்டாம். ஊசி முனையால் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் வைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு பிக்கப் மற்றவற்றைவிட மிகவும் மெலிந்து ஒலித்தாலோ, ஒலியே வராவிட்டாலோ, அப்போது சுருளையும் இணைப்புகளையும் சோதிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புதிய பிக்கப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.