டிவி வாங்கப் போறீங்களா? பெட்டி மேல இருக்கறதைப் படிக்கறதுக்கு முன்னாடி வீட்டை அளந்து பாருங்க



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு தீபாவளி போனதும் வீட்டுல இருந்து ஒரு கோரிக்கை வரும். "நல்லதா ஒரு டிவி வாங்கிப் போடு கண்ணு." சோமனூர், கருமத்தம்பட்டி பக்கத்துல இது இன்னும் சகஜம். அப்பா, அம்மா தறி ஓட்டிப் படிக்க வெச்சிருப்பாங்க. பிள்ளை கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனிக்கோ, திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸுக்கோ போயிட்டு வரும். வீட்டுக்குன்னு சொந்தச் சம்பளத்துல வாங்குற முதல் பெரிய பொருள் பல பேருக்கு டிவிதான்.

2006 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சப்போ யாருக்கும் இந்தக் குழப்பம் இல்லை. எல்லாருக்கும் 14 இன்ச், ஒரே மாதிரி டப்பா டிவி. இன்னைக்குக் கடைக்குப் போனா 4கே, க்யூஎல்ஈடி, ஹெச்டிஆர், டால்பி விஷன், 120 ஹெர்ட்ஸ்னு வரிசையா அடுக்குறாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபாய் ஏறுது. கையில 28,000 ரூபாய் சம்பளம் வாங்குறவருக்கு அஞ்சாயிரம்ங்கறது அஞ்சு நாளைக்கு மேல உழைச்ச காசு.

இந்தப் பதிவுல சொல்லப் போறது ஒரே விஷயம்தான். டிவியோட வேலை, உள்ள வர்ற படத்தைக் காட்டுறது. உங்க வீட்டுக்குள்ள என்ன படம் வருது, எங்க உக்காந்து பாக்கறீங்க, இந்த ரெண்டும் தெரிஞ்சா பெட்டி மேல இருக்குற பாதி வார்த்தைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உள்ள வர்ற படம் என்ன?

கணக்கு சிம்பிள். சாதாரண எஸ்டி சானல்ல ஒரு படத்துக்கு 720 x 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். ஃபுல் ஹெச்டின்னா 1920 x 1080, சுமார் 21 லட்சம். 4கேன்னா 3840 x 2160, சுமார் 83 லட்சம்.

2017-ல அரசு கேபிள் இலவசமா கொடுத்தது எஸ்டி பாக்ஸ். அதே பாக்ஸ் இன்னும் ஓடுற வீட்டுல 4கே டிவி மாட்டினா, ஒரு புள்ளியை இருபது புள்ளி இடத்துக்கு இழுத்து நிரப்பணும். ஒரு நூல் ஓட வேண்டிய இடத்தை வெச்சு இருபது நூல் துணி நெய்யச் சொன்ன மாதிரி. டிவி தன்னால முடிஞ்ச அளவு ஊகிச்சு நிரப்பும். ஆனா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி தெரியும். "புது டிவி வாங்கியும் பழசு மாதிரியே இருக்கு"ன்னு அம்மா சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

கேபிள்ல வர்ற நம்ம தமிழ் சானல்கள் எஸ்டி, இல்லைன்னா ஹெச்டி. சன் டிவி ஹெச்டி 2011-லயே வந்தாச்சு. அதனால வீட்டுல முக்கியமா சீரியலும் நியூஸும்தான் ஓடும்னா, முதல் செலவு டிவி இல்லை. ஹெச்டி பாக்ஸும் ஹெச்டி பேக்கும்தான். கேபிள்காரர்கிட்ட முதல்ல அதைக் கேளுங்க.

4கே படம் முக்கியமா ரெண்டு வழியில வரும்: யூடியூப், ஓடிடி. யூடியூப்ல இலவசம். நெட்ஃபிளிக்ஸ்ல 4கே வேணும்னா பிரீமியம் திட்டம் எடுக்கணும், இன்டர்நெட் வேகம் நிலையா 15 எம்பிபிஎஸ் இருக்கணும். ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரைக்கும் டேட்டா போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி 4கே பாக்கறது நடக்கற காரியம் இல்லை.

எத்தனை இன்ச்?

டேப் எடுத்து, உக்கார்ற இடத்துல இருந்து டிவி மாட்டுற சுவர் வரைக்கும் இன்ச்ல அளங்க. அதை 2-ஆல வகுத்தா வர்றது குறைஞ்ச அளவு. 1.6-ஆல வகுத்தா வர்றது சினிமா மாதிரி பெருசா தெரியற அளவு. ஏழு அடி, அதாவது 84 இன்ச் இருந்தா 42 முதல் 52 வரை. எட்டு அடி இருந்தா 48 முதல் 60 வரை. ஏழடி ஆசாரத்துல 65 இன்ச் மாட்டினா கழுத்துதான் வலிக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. சாதாரண பார்வை உள்ளவங்களுக்கு 43 இன்ச் டிவியில ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வித்தியாசம் சுமார் அஞ்சரை அடிக்குள்ள உக்காந்தாதான் தெரியும். அதுக்கு மேல தள்ளி உக்காந்தா கண்ணால பிரிச்சுப் பாக்க முடியாது. 43 இன்ச்ல 4கே விலை பக்கத்துலயே இருந்தா எடுத்துக்கலாம். ஆனா 4கேங்கற ஒரே காரணத்துக்காக பட்ஜெட்டைத் தாண்ட வேண்டாம்.

எல்ஈடி, க்யூஎல்ஈடி, ஓஎல்ஈடி

பேர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வேற வேற.

எல்ஈடி டிவின்னா எல்சிடி பேனலுக்குப் பின்னாடி எல்ஈடி லைட். க்யூஎல்ஈடியும் அதேதான், நடுவுல குவாண்டம் டாட்னு ஒரு படலம் சேர்த்திருப்பாங்க, கலர் கொஞ்சம் செழிப்பா வரும். பின்னாடி லைட் எரியறதால கறுப்பு முழுக் கறுப்பா வராது. மினி எல்ஈடியில அந்த லைட்டை நிறைய சின்னச் சின்ன பகுதியா பிரிச்சு, தேவையில்லாத இடத்துல அணைப்பாங்க. ஓஎல்ஈடி முழுசா வேற. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். படம் அருமையா இருக்கும், விலையும் அப்படித்தான்.

ஓஎல்ஈடி வாங்க வசதி இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கங்க. வீட்டுல ஒரே நியூஸ் சானல் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓடுமா? மாறாத லோகோவும் கீழ ஓடுற பட்டையும் வருஷக் கணக்குல ஒரே இடத்துல இருந்தா அந்தத் தடம் திரையில தங்கிடலாம். இதைப் பல கம்பெனிகள் வாரண்டியில சேர்த்துக்கறதில்லை.

எல்சிடி பேனல்லயும் ரெண்டு வகை உண்டு: ஐபிஎஸ், விஏ. ஐபிஎஸ்ல பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் கலர் மாறாது. விஏல கறுப்பு நல்லா இருக்கும், ஆனா நேரா உக்காந்து பாக்கணும். ஒருத்தர் கட்டில்ல, ஒருத்தர் பாய்ல, ஒருத்தர் சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டுன்னு பாக்குற வீட்டுக்கு ஐபிஎஸ் பொருந்தும்.

ஹெச்டிஆரும் ஹெர்ட்ஸும்

ஹெச்டிஆர்ங்கறது வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் ஒரே காட்சியில சரியா காட்டறது. அதுக்கு டிவிக்கு வெளிச்சம் வேணும். அதை நிட்ஸ்ல அளப்பாங்க. ஹெச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் கணக்குல தயார் பண்றாங்க. குறைஞ்ச விலை டிவி பலதும் 250, 300 நிட்ஸ்தான். அதுல ஹெச்டிஆர் முத்திரை இருந்தா "அந்த ஃபைலை என்னால திறக்க முடியும்"னு மட்டும்தான் அர்த்தம். 600 நிட்ஸுக்குக் கீழ இருந்தா ஹெச்டிஆருக்குன்னு தனியா காசு கொடுக்காதீங்க.

ஹெர்ட்ஸ்ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை படம் புதுசாகுதுங்கறது. சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம். நம்ம நாட்டு டிவி ஒளிபரப்பு 50. இதுக்கு 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும். 120 ஹெர்ட்ஸ் யாருக்குன்னா, பிஎஸ்5 மாதிரி கேமிங் கன்சோல் வெச்சிருக்கறவங்களுக்கு. அப்போ ஹெச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் இருக்கான்னு பாருங்க. "மோஷன் ரேட் 240"ன்னு எழுதியிருந்தா அது விளம்பர நம்பர். பேனலோட நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் என்னன்னு கேளுங்க.

ஸ்மார்ட் வசதி

ரேம் 2 ஜிபிக்குக் குறைவா இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல ஆப் திறக்கவே திணறும். அதுக்காக டிவியை மாத்த வேண்டாம். பேனல் நல்லா இருந்தா ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினாப் போதும். அதனால பட்ஜெட் இடிச்சா பேனலுக்கு முன்னுரிமை கொடுங்க; ஸ்மார்ட் வசதியைப் பின்னாடி வாங்கிக்கலாம், பேனலை முடியாது.

ரொம்ப மலிவா வர்ற "ஆண்ட்ராய்டு" டிவிகள்ல ஒரு எச்சரிக்கை. வைட்வைன் எல்1 சான்று இல்லாத டிவியில நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஹெச்டியில ஓடாது. டிவி 4கேயா இருந்தாலும் வர்றது எஸ்டி படம்தான். கூகுள் டிவி, டைசன், வெப்ஓஎஸ் மாதிரி முறையான சிஸ்டம் இருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க.

தறிச் சத்தமும் கரண்டும்

மெல்லிசா டிவி செய்யறதால ஸ்பீக்கர் பின்னாடியோ கீழயோ பாத்து இருக்கும். பக்கத்துலயே தறிக்குடோன் ஓடுற வீட்டுல வசனம் காதுல விழாது. அந்த வீட்டுக்கு 4கேயை விட ஒரு சவுண்ட்பார் அதிகம் உதவும். டிவியில ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட் இருந்தா ஒரே வயர்ல, ஒரே ரிமோட்ல முடிஞ்சிடும்.

100 வாட் டிவி தினமும் 6 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட்.  பெரிய திரை, அதிக வெளிச்சம்னா இன்னும் ஏறும். ஸ்டார் லேபிள் பாருங்க. பஞ்சுத் தூசி பறக்குற வீடுன்னா பின்பக்கக் காத்துத் துளைகளை அப்பப்போ துடைங்க. இடி மின்னல் நேரத்துல பிளக்கைப் பிடுங்கிடுங்க.

இப்போ காசு

முதல்ல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு 28 சதவீதம் 18 ஆச்சு. 30,000 ரூபாய் அடிப்படை விலைன்னா முன்னாடி 38,400, இப்போ 35,400. 32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியில இருந்தே 18 சதவீதம்தான். அதனால 32 இன்ச்சுக்கு "ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

அடுத்தது நோ காஸ்ட் இஎம்ஐ. சும்மா கடன் யாரும் தர்றதில்லை. பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில சொல்லியிருக்கு. 40,000 ரூபாய் டிவியை கிரெடிட் கார்டுல 12 மாசம், மாசம் 3,333-னு எடுக்கறீங்க. வங்கியோட வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்கங்க. டிவிக்கு 3,070 ரூபாய் தள்ளுபடின்னு காட்டி, அதே 3,070-ஐ வட்டியா வாங்குவாங்க. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சுமார் 550. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா வரியோட 235. ஆக 785 ரூபாய் கூடுதல். இது பெரிய தொகை இல்லை. ஆனா ரொக்கமா கொடுத்தா கடைக்காரர் எவ்வளவு குறைப்பார்னு கேட்டுப் பாருங்க. அதையும் சேர்த்தாதான் நோ காஸ்ட்டோட உண்மையான காஸ்ட். ஒரு தவணை தவறினா சிபில் ஸ்கோர்ல தெரியும்.

யாரும் போடாத கணக்கு மூணாவது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பர்ல அறிவிச்ச விலைப்படி பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649. 4கே டிவியை 4கேயா பாக்க பிரீமியம் வேணும். அஞ்சு வருஷம், 60 மாசம், 649. மொத்தம் 38,940 ரூபாய். டிவி விலைக்குச் சமமா இன்னொரு டிவி! பேசிக்னா 11,940-ல முடியும். இடையில இருக்கற 27,000 ரூபாய் 4கேக்காக நீங்க கொடுக்கற மறைமுக விலை. வேணும்னா கொடுங்க, தெரிஞ்சு கொடுங்க.

ரெண்டு வீடு, ரெண்டு டிவி

சோமனூர்ல ஏழடி ஆசாரம், கேபிள், சீரியல், பக்கத்துல தறி. இந்த வீட்டுக்கு 43 இன்ச், ஐபிஎஸ் பேனல், 60 ஹெர்ட்ஸ், ஹெச்டி பாக்ஸ், ஒரு சாதாரண சவுண்ட்பார். ஹெச்டிஆர், 120 ஹெர்ட்ஸ், க்யூஎல்ஈடி எதுக்கும் காசு வேண்டாம்.

சரவணம்பட்டியில மூணு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, ஃபைபர் நெட், பிரீமியம் சந்தா பங்கு போட்டு, ராத்திரி பிஎஸ்5. இந்த வீட்டுக்கு 55 இன்ச் 4கே, 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஎம்ஐ 2.1-னு செலவு பண்றதுல நியாயம் இருக்கு. வீட்டைக் காலி பண்ணும்போது டிவி யாருக்குன்னு மட்டும் முன்னாடியே பேசிக்கங்க.

கடைக்குப் போறப்போ ஒரு பென் டிரைவ்ல உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணும், சீரியல் காட்சி ஒண்ணும் போட்டு எடுத்துட்டுப் போங்க. கடையில ஓடுற மயில், அருவி வீடியோ எல்லாம் 4கேல எடுத்து, வெளிச்சத்தை உச்சத்துல வெச்சுக் காட்டறது. அதுல எந்த டிவியும் அழகாத்தான் தெரியும். "பிக்சர் மோடை ஸ்டாண்டர்ட்ல வெச்சு இதைப் போடுங்க"ன்னு கேளுங்க. பக்கத்துல அம்மாவையும் நிக்க வைங்க. தினமும் பாக்கப் போறது அவங்கதானே.