கிராபிக்ஸ் கூடுது, ஆட்டம் குறையுதா?

குமரி மாவட்டத்து இனயம் கடற்கரையில், கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் நான்கைந்து பையன்கள் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் செட்டிங்ஸைக் காட்டச் சொன்னேன். கிராபிக்ஸ் ‘ஸ்மூத்’தில் இருந்தது, அதாவது கீழ்ப்படிகளில் ஒன்று. பிரேம் வேகம் மட்டும் ‘எக்ஸ்ட்ரீம்’.

“எச்டியில வச்சா போன் சுடும் அண்ணே. பொறவு லேக் அடிக்கும். நாம சுடுகதுக்குள்ள அவன் சுட்டுருவான்.”

பையன் சொன்னதில் முழுக்க அறிவியல் இருக்கிறது. விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓட வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. விரல் தொட்டதைப் படிப்பது, குண்டு யார்மேல் பட்டதென்று கணக்குப் போடுவது, காட்சியை வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஃபுல் எச்டி திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம். நிழல், தண்ணீரின் பளபளப்பு என்று சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு புள்ளிக்கும் வேலை கூடும், சிப் சூடாகும். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி இல்லாத போனில் இது சீக்கிரமே நடக்கிறது.

ஆடுபவர் செட்டிங்ஸை மாற்றித் தப்பித்துவிடலாம். கேம் தயாரிக்கும் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை; கிராபிக்ஸ் கூடக் கூடச் செலவும் கூடும். 2023 டிசம்பரில் இன்சோம்னியாக் என்ற கேம் நிறுவனத்தின் ஆவணங்கள் கசிந்தபோது, ‘ஸ்பைடர்மேன் 2’ கேமுக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் ஆனது தெரியவந்தது. கேம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பணத்தைக் கொட்டியவர், இதுவரை யாரும் ஆடிப் பார்க்காத ஓர் ஆட்டத்தைச் செய்யத் துணிவாரா? விற்றதற்கே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்றுதான் போவார். கிராபிக்ஸ் ஆட்டத்தைக் கெடுப்பது இந்த வழியில்தான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்பத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. 1993-இல் ‘டூம்’ கேம் காட்டிய வேகமான முப்பரிமாணக் காட்சி இல்லாவிட்டால் இந்தப் பையன்களின் துப்பாக்கி ஆட்டமே பிறந்திருக்காது.

மாற்று வழியைக் காட்டியவர்களில் தமிழரும் உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எல்லாம் தட்டையான ஓவியம். இரண்டு மணி நேரம்கூட ஓடாது. கதை நாயகிக்கு அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஆடுபவர்தான் ஊகிக்க வேண்டும். ஆவி எல்லா இட்லிக்கும் போகும்படி தட்டுகளை அடுக்குவதே ஒரு புதிர். புட்டும் அவிக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் சிரமம் இருக்காது! 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக விளையாட்டு விருது இதற்குத்தான் கிடைத்தது.

நம் பொறியியல் கல்லூரிகளில் கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளே, விலைகூடிய கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நினைத்த ஆட்டத்தை முதலில் கட்டம்போட்ட தாளில் வரைந்து, கூட்டாளிகளோடு ஆடிப் பாருங்கள்.