502 வந்த உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க

இந்த வாரம் எபிசோட்ல வேகமா தாண்டிப் போன ஒரு விஷயத்தை இங்க கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

நம்மில நிறைய பேருக்கு முதல் சர்வர் பொறுப்பு ஆபீஸ்ல வர்றதில்ல. "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே" என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வெப்சைட் நம்ம தலையில வந்து விழும். ஜாங்கோவில் எழுதிய சின்ன அப்ளிகேஷன், அதை ஓட்ட குனிகார்ன், அதுக்கு முன்னால என்ஜின்எக்ஸ். வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. புது வருஷப் பதிவு திறக்கிற அன்னைக்கு சாயந்தரம் ஒரு மாமா போன் பண்ணுவார்: "தம்பி, காசு வெட்டுப்பட்டிட்டுது, ஆனா 502 பேட் கேட்வே எண்டு காட்டுது. திருப்பிக் கட்டவோ?"

அந்த நேரத்துல கை தானா ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போனா சைட் பத்து நிமிஷம் நல்லா இருக்கும், பிறகு மறுபடி விழும். நடுவில எது மாட்டிக்கிட்டு நின்னது என்று பார்க்கிற வாய்ப்பும் போயிடும்.

502 என்பது என்ஜின்எக்ஸ் எழுதித் தரும் சீட்டு. அப்போ என்ஜின்எக்ஸ் உயிரோடதான் இருக்கு. கல்யாணப் பந்தியில பரிமாறுறவர் சமையல்கட்டுக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வந்த மாதிரி. உள்ளே என்ன நடந்தது என்று அவர்கிட்டதான் கேக்கணும். அதாவது என்ஜின்எக்ஸின் எரர் லாக்.

அங்க அடைப்புக்குறிக்குள்ள ஒரு எண் இருக்கும். 111 என்றால் அந்த போர்ட்டில் யாருமே கேட்டுக்கிட்டு இல்ல: குனிகார்ன் ஓடல, இல்லாட்டி வேற போர்ட்ல ஓடுது. டாக்கர் பாவிக்கிறவங்க கவனிங்க, கன்டெய்னருக்குள்ள 127.0.0.1 என்றால் அதே கன்டெய்னர்தான், பக்கத்து வீடு இல்ல. 2 என்றால் சாக்கெட் ஃபைலே அந்த இடத்துல இல்ல. 13 என்றால் ஃபைல் இருக்கு, திறக்க அனுமதி இல்ல. இதெல்லாம் சுலபமான கேஸ். எப்பவுமே விழும், திருத்தினா திரும்ப வராது.

மாமாவின் கேஸ் அப்படி இல்ல. அவருக்கு முன்னால வந்த சிலருக்கு வேலை செய்திருக்கு. லாக்கில் எண்ணும் இல்ல. 'அப்ஸ்ட்ரீம் பிரிமெச்சூர்லி க்ளோஸ்ட் கனெக்‌ஷன்' என்று மட்டும் இருக்கு. குனிகார்ன் போனை எடுத்திருக்கு, பேச்சு முடியுறதுக்கு முன்னால வச்சிட்டுது. பார்க்கிறவங்க உடனே "அப்ளிகேஷன் க்ராஷ்" என்று முடிவு கட்டுவாங்க. பெரும்பாலும் அது க்ராஷே இல்ல. இங்கதான் ரெண்டு டிஃபால்ட் எண்கள் சேர்ந்து நம்மை ஏமாத்துது.

என்ஜின்எக்ஸ் பதிலுக்காக 60 விநாடி காத்திருக்கும். அதுக்குள்ள ஒன்றும் வராவிட்டால் 504, அதாவது டைம்அவுட் என்று நேர்மையா சொல்லும். ஆனா குனிகார்னின் சாதாரண சிங்க் வொர்க்கருக்கு டிஃபால்ட் எல்லை 30 விநாடி. ஒரு வொர்க்கர் அதுக்கு மேல சத்தமில்லாம நின்னா, குனிகார்னே அதை அடிச்சுப் போட்டு புதுசா ஒன்று எழுப்பும். 30 எப்பவும் 60-க்கு முன்னால வரும். அதனால 504 வர வேண்டிய இடத்துல பெரும்பாலும் 502 வருது (சில வெர்ஷன்ல 500). உண்மையான வியாதி மெதுவா போறது. வெளியில தெரியுறது சாவு. உறுதி செய்யணும்னா குனிகார்னின் சொந்த லாக்கில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்று தேடுங்க. இல்லாட்டி சர்வருக்குள்ள போய், என்ஜின்எக்ஸைச் சுத்திப் போகாம, கர்ல் மூலமா குனிகார்னையே நேரா கேளுங்க. அங்கேயும் இழுத்தா என்ஜின்எக்ஸ் நிரபராதி.

சரி, 30 விநாடி எதுக்காக நிக்குது? இந்த மாதிரி சைட்ல நான் முதல்ல சந்தேகப்படுற ஆள் ஈமெயில். ஃபார்ம் வந்ததும் டேட்டாபேஸில் எழுதி, கார்டில் காசு எடுத்து, "நன்றி" மெயில் அனுப்பி, அதுக்குப் பிறகுதான் பக்கத்தைக் காட்டுது. ஜாங்கோவின் டிஃபால்ட் மெயில் போர்ட் 25. அமேசான் இசி2-வில் 25 வழியா வெளிய போறதை ஸ்பாம் பயத்துல வழக்கமா அடைச்சு வச்சிருப்பாங்க. அடைப்பு "முடியாது" என்று பதில்கூட சொல்லாது, சும்மா விழுங்கிடும். ஜாங்கோவின் மெயில் டைம்அவுட் டிஃபால்ட்டா இல்லவே இல்ல. அப்போ வொர்க்கர் அங்கேயே நிக்கும், 30 ஆனதும் கொல்லப்படும். காசு எடுத்தது அதுக்கு முன்னாலேயே முடிஞ்சிருக்கும்.

இதுக்கு மேல ஒரு கொடுமை: ஒன்றும் சொல்லாம விட்டா குனிகார்ன் ஓட்டுறது ஒரே ஒரு வொர்க்கர். அது மாட்டினா எல்லாரும் பின்னால வரிசையில. பொறுமை போய் ஒவ்வொருத்தரும் ரிஃப்ரெஷ் அழுத்துவாங்க. என்ஜின்எக்ஸ் அதை 499 என்று குறிச்சுக்கும், ஆனா வரிசையில ஏற்கனவே நுழைஞ்ச பழைய கோரிக்கையை வொர்க்கர் வந்து எடுத்துச் செய்யும். கேக்க ஆள் இல்லாத பதிலுக்கு வேலை நடக்குது. அதுலயும் காசு எடுக்கும்.

டைம்அவுட்டை 300 ஆக்குங்க என்று சொல்ற ஆலோசனை நிறைய கிடைக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மாட்டின வொர்க்கர் இன்னும் நீளமா மாட்டி நிக்கும், அவ்வளவுதான். மெயிலை 587-க்கு மாத்துங்க, அதுக்கு ஐந்து விநாடி டைம்அவுட் வைங்க. முடிஞ்சா மெயில் அனுப்புறதையே கோரிக்கைக்கு வெளிய, செலரி மாதிரி ஒரு க்யூவுக்குத் தள்ளுங்க. வொர்க்கர் எண்ணிக்கைக்கு குனிகார்ன் காரங்க சொல்ற கணக்கு, கோர் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி ஒன்று கூட்டுறது: ரெண்டு கோர் மெஷினுக்கு ஐந்து.

காசு விஷயத்துக்கு இன்னொரு பூட்டு வேணும். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு தனி எண் உண்டாக்கி, பேமென்ட் கம்பெனிக்கு ஐடெம்போடென்சி கீயா அனுப்புங்க. ஸ்ட்ரைப் போன்றவை இதை ஏத்துக்கும். அதே எண்ணோட ரெண்டாவது தடவை வந்தா புதுசா எடுக்காது, பழைய பதிலையே திருப்பித் தரும்.

மாமாவுக்குப் பதில்? டேட்டாபேஸையும் பேமென்ட் பக்கத்தையும் ஒருக்கா பார்த்துட்டுச் சொல்லுங்க: "வேண்டாம் மாமா, உங்க பதிவு வந்துட்டுது. மெயில்தான் வரல."