ஒன்றைச் சுட்டால் கூட்டம் தப்பும்

அமெரிக்காவின் டெக்சாஸில் காட்டுப்பன்றிகள் 20 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஒரே ராத்திரியில் சோளக்காட்டையே உழுது போட்டுவிடும் இவை அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஓட்டிவந்த வளர்ப்புப் பன்றிகளும், பிற்பாடு வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டவையும் கலந்து பெருகிய இனம். ஹெலிகாப்டரில் பறந்து சுடும் உரிமையை நிலக்காரர்கள் பணத்துக்கு விற்கலாம் என்று 2011-இல் சட்டம் வந்தது. விவசாயியின் இழப்பு பிறருக்குப் பொழுதுபோக்கானதை என் மனம் ஏற்கவில்லை. பன்றிகளும் ஒழியவில்லை.

பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகவே மேயும். சினைக்காலம் சுமார் 115 நாள்தான். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும். துப்பாக்கியால் ஒன்றை வீழ்த்தினால் மற்றவை சிதறும். அதன்பின் அந்தப் பக்கம் பகலில் தலைகாட்டாது.

ஆகவே முதல் ஆயுதம் கம்பிவலைப் பட்டிதான். வட்டமாக அடைத்து, உள்ளே மக்காச்சோளம் கொட்டி, கதவைத் திறந்தே வைத்துப் பல நாள் தின்னப் பழக்க வேண்டும். கேமரா படத்தைக் கைபேசியில் பார்த்து, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பிறகே கதவை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே நின்ற தாய்ப்பன்றி இனி எந்தப் பட்டியையும் நெருங்காது. வேட்டையை நம்பினால் எதிர்விளைவுதான்: டென்னசி மாநிலம் 1999-இல் ஆண்டு முழுவதும் வேட்டைக்கு அனுமதி தந்தது. வேட்டை ஆசையில் ஆட்களே பன்றிகளை வண்டியேற்றிப் புதிய இடங்களில் விட்டார்கள். 2011-இல் அந்தக் கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. மிசௌரியோ 2016-இல் வனவிலங்குத் துறையின் நிலங்களில் பன்றி வேட்டையையே தடைசெய்தது.

பட்டிக்குச் சிக்காத ஒன்றிரண்டுக்குத்தான் துப்பாக்கி. கண் மந்தம், மோப்பம் அபாரம் என்பதால் காற்றுக்கு எதிர்முகமாகவே நெருங்க வேண்டும். முதிர்ந்த ஆணின் தோள்மேல் கெட்டியான கவசம் இருக்கும். வலுவான தோட்டா தேவை. இருட்டில் தெரிவது பன்றிதானா, அதற்குப் பின்னால் மாடோ வீடோ ஆளோ உண்டா என்று உறுதியாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. காயம்பட்ட ஆண்பன்றியைத் தேடி உடனே புதருக்குள் நுழைவதும் ஆபத்து. அதன் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

அறுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ரத்தம் வழியாகப் புருசெல்லா கிருமி கைக்கீறலில் புகுந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மாதக்கணக்கில் படுத்தும். கறியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடேறும்வரை வேக வேண்டும்.