அலைவழிகளுக்குத் திறன் பங்கிடும் கணக்கு

கைபேசியிலும் அதன் கோபுரத்திலும் இன்று பல ஆன்டெனாக்கள் உள்ளன. அவற்றினிடையே செல்லும் அலைகள் சுவரிலும் மரத்திலும் மோதிப் பல பாதைகளில் வந்து கலக்கின்றன. இக்கலப்பினைக் கணிதத்தால் பிரித்தெடுத்தால், ஒன்றையொன்று தீண்டாத சில தனி வழிகள் கிடைக்கும். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்தியோடைகளை அனுப்ப இயலும். 1990களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் எம்ரே டெலாட்டாரும் ஜெரார்டு பாஸ்கினியும் இதன் பயனைக் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆயினும் அவ்வழிகள் சமமானவை அல்ல. சில தெளிந்தவை, சிலவற்றில் இரைச்சல் மிகுதி. கையிலுள்ள திறனோ அளவுக்குட்பட்டது. அதை எங்ஙனம் பங்கிடுவது?

மேடுபள்ளமான தரையுடைய ஒரு குளத்தை எண்ணிக்கொள்வோம். இரைச்சலே தரையின் உயரம். திறனே அதில் ஊற்றும் நீர். ஒரு வழியின் உயரம் 1, மற்றதன் உயரம் 3 என்க. 4 அலகு நீர் ஊற்றினால் மட்டம் 4இல் நிற்கும்; முதல் வழிக்கு 3, இரண்டாவதற்கு 1. இரண்டே அலகு இருந்தால் மேட்டுக்கு ஒரு துளியும் எட்டாது. 40 அலகு இருந்தாலோ 21, 19 என ஏறத்தாழச் சமமாகிவிடும். வறுமையில்தான் பங்கீட்டின் நுட்பம் தேவைப்படுகிறது.

வலியதற்கே மேலும் வழங்குவதா? ஜகாத்தின் நெறியறிந்த நமக்கு இது உறுத்தலாம். இங்கே பெறுபவர் ஒருவரே. வழிகள் மட்டுமே பல. பெறுபவர் பலராகும்போது நீதி பற்றிய கேள்வி மெய்யாகவே எழுகிறது. அதற்குப் பொறியாளர்கள் வேறு விதிகள் வகுத்துள்ளனர்.

நடைமுறையில் மற்றொரு தடையுண்டு. பிட்டைப் பின்னமாக்கி அனுப்ப இயலாது. ஆதலின் 1987இல் ஹியூஸ்-ஹார்டாக்ஸ் தொலைபேசி மோடத்திற்காகக் காப்புரிமை பெற்ற முறை கைகொடுக்கிறது: அடுத்த பிட்டை எவ்வழி குறைந்த திறனில் ஏற்குமோ அதற்கே அளிப்பது. மேற்கண்ட முதல் வழியில் அடுத்தடுத்த பிட்டுகளின் விலை 1, 2, 4 அலகு. இரண்டாவதில் 3, 6, 12. முதலிரண்டு பிட்டுகள் முதல் வழிக்கே சேரும். மூன்றாவதற்கு அங்கே விலை 4, இங்கே 3. ஆகவே அது இரண்டாம் வழிக்குச் செல்லும். மொத்தச் செலவு 6 அலகு.

இவையனைத்தும் அனுப்பும் முனைக்கு வழியின் நிலை தெரிந்திருந்தால்தான் நடக்கும். நான்காம் தலைமுறைக் கைபேசி, தான் பெறும் அலையின் தரத்தை 4 பிட் எண்ணாகக் கோபுரத்துக்குத் திருப்பி அறிவிக்கிறது. விரைந்தோடும் பேருந்திலோ சில மில்லிநொடிகளிலேயே வழி மாறிவிடுகிறது. அறிவிப்பு சேருமுன் பள்ளம் மேடாகியிருக்கலாம். அத்தகையோருக்கு நுண்பங்கீட்டைக் கைவிட்டு, ஒரே செய்தியைப் பல ஆன்டெனாக்களில் பரப்பி அனுப்புகின்றனர்.